திருத்தந்தைக்கு ஓய்வு உண்டா? மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து ஒரு நாட்குறிப்பு

19 பிப்ரவரி 2025, புதன்

திருத்தந்தை பிரான்சிசின் இரு நுரையீரல்களிலும் நிமோனியா கண்டிருப்பதாக வத்திக்கான் அறிவித்த செய்தியை விடியற்காலையில் கைப்பேசியில் படித்தேன். கடந்த வெள்ளிக்கிழமை ரோமாபுரியின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். வயது 88. இளமையிலேயே ஒரு நுரையீரலின் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்தவர் என்பதால், மனம் நாள் முழுதும் அங்கேயே கிடந்தது.

மாலையில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் செபமாலை முடிந்து வெளியே வந்தபோது, செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கேள்வி கேட்டான். “டீச்சர், நம்ம நாட்டுல 60 வயசுன்னு ஓய்வுக்குச் சட்டம் போட்டிருக்காங்க. போப்பாண்டவருக்கு மட்டும் ஏன் ஓய்வே இல்ல?” நான் வாய் திறப்பதற்குள், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் ஐயா முந்திக்கொண்டார். “அப்பாங்கிற உறவுக்கு ஏதுடா ரிட்டையர்மெண்ட்?”

நல்ல பதில்தான். ஆனாலும் அந்தப் பதிலோடு கேள்வி முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுவதால், வரும் நாட்களில் இதைப் பற்றி இங்கே எழுதிவரலாம் என்றிருக்கிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று அவருடைய நிலை கவலைக்கிடமாகிவிட்டது. நீண்ட நேரம் மூச்சுத்திணறல் இருந்ததாகவும், இரத்தம் ஏற்றப்பட்டதாகவும் செய்தி. இன்றைய மன்றாட்டுகளில் அவருடைய பெயரைச் சொன்னபோது பலருடைய குரல் தழுதழுத்தது.

தம்பிக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஆயர் (பிஷப்) ஒருவர் 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் அளிக்கவேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமான திருஅவைச் சட்டம். பங்குத் தந்தையருக்கும் அதே 75 வயதுதான். அவர்கள் தங்கள் ஆயரிடம் அளிக்கிறார்கள். கர்தினால்கள் 80 வயதைக் கடந்தால் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் அவையில் வாக்களிக்க முடியாது என்பது 1970இல் ஆறாம் பவுல் கொண்டுவந்த ஏற்பாடு. எல்லாப் படிகளிலும் வயதைப் பார்க்கும் சட்டம் உச்சிப் படியில் மட்டும் வயதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் விலகக் கூடாது என்றும் அது சொல்லவில்லை. 332ஆம் பிரிவின்படி அவர் விலகலாம். அந்த முடிவு அவருடைய சுதந்திரத்தில் பிறந்ததாகவும், முறைப்படி வெளிப்படுத்தப்பட்டதாகவும் இருக்கவேண்டும். யாரும் அதை ஏற்றுக்கொள்ளவேண்டிய அவசியமில்லை. மேலே யாரும் இல்லாத ஒருவருடைய கடிதத்தை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

அப்படி விலகியவர்கள் மிகச் சிலர். தனித்த துறவியாக வாழ்ந்துவந்த ஐந்தாம் செலஸ்தீனை வற்புறுத்தி அழைத்து வந்து 1294இல் திருத்தந்தையாக்கினார்கள். ஐந்து மாதங்களில் அவர் விலகினார். அடுத்து வந்தவர் அவரைக் கோட்டையில் அடைத்து வைக்க, அங்கேயே 1296இல் இறந்தார். அதே மனிதரைத்தான் திருச்சபை 1313இல் புனிதராக அறிவித்தது. திருச்சபையின் பிளவை முடிப்பதற்காக 1415இல் பன்னிரண்டாம் கிரகோரி விலகினார். பிறகு ஏறத்தாழ 600 ஆண்டுகள் எவரும் விலகவில்லை.

2013 பிப்ரவரி 11ஆம் தேதியை நான் மறக்கவில்லை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்தேன். பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகப்போவதாக இலத்தீன் மொழியில் அறிவித்தார் என்று மாலையில் தெரிந்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான இந்த லயத்தில் யாரும் நம்பவில்லை. அவருக்கு அப்போது 85 வயது. இந்தப் பணிக்கு உடல் வலிமையும் உள்ளத்தின் வலிமையும் தேவை, அவை தன்னிடம் குறைந்துவிட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அன்று அவர் மீது கோபம் வந்தது. வீட்டுப் பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியதைப் போலிருந்தது. அந்தக் கோபம் தவறு என்று உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

7 மார்ச், முதல் வெள்ளி

திருத்தந்தையின் குரல் நேற்றிரவு பேதுரு சதுக்கத்தில் ஒலித்தது. தமக்காகச் செபிக்கும் மக்களுக்கு ஸ்பானிய மொழியில் நன்றி சொன்னார். சில நொடிகள்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்துப் பேசிய அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்க முடியவில்லை.

என் அப்பா இந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பின்னாளில் வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். 2004 நவம்பரில் பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 27ஆம் தேதி வந்தது. அன்றிரவுச் செய்தியில் அப்போதைய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை (ஜான் பால்) காட்டினார்கள். பார்க்கின்சன் நோயால் நடுங்கியவர், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சன்னலருகே அமர்ந்து பேச முயன்றார். குரல் வரவில்லை. கையை மட்டும் உயர்த்தி ஆசி வழங்கினார். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, அசையும் இடக்கையால் மெல்லச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். வாயிழந்த ஒருவர் வாயிழந்த மற்றொருவருக்கு வழங்கிய ஆசியை என் கண்ணாலேயே கண்டேன். ஏப்ரல் 2ஆம் தேதி திருத்தந்தை காலமானார். ஒரு திருத்தந்தை நோயோடும் முதுமையோடும் இறுதிவரை நம் கண் முன்னே இருக்கவேண்டும், அது எந்த மறையுரையாலும் சொல்ல முடியாததைச் சொல்கிறது என்று அன்று உறுதியாக நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கையை நான் முழுதாக விட்டுவிடவில்லை.

ஆனால் அதே மாதங்களில் நடந்த இன்னொன்றையும் எழுதவேண்டும். அப்பாவின் சேமிப்புப் புத்தகம் அவர் பெயரில் மட்டுமே இருந்தது. அவருடைய மருந்துக்கே அவருடைய பணத்தை எடுக்க முடியவில்லை. கையெழுத்துப் போட அவரால் இயலாது. சம்மதமா என்று கேட்டால் சில நாட்கள் தலையசைப்பார், சில நாட்கள் எங்களையே அடையாளம் தெரியாது. அவர் நலமாக இருந்தபோது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும். அப்படிக் கேட்பது அவருடைய சாவை எதிர்பார்ப்பதாகிவிடுமோ என்று அஞ்சி, பிள்ளைகள் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஆகஸ்டில் அப்பா இறந்தார்.

8 மார்ச், சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் அஞ்சுவது முதுமையைப் பார்த்து அல்ல. தெளிவோடு இருக்கும் திருத்தந்தை தொடர்வதா விலகுவதா என்பதை அவருடைய மனச்சான்றுக்கு விட்டுவிடலாம். அறிவே மங்கி, சொல்லவும் எழுதவும் இயலாமல், கருவிகளின் துணையோடு மாதக்கணக்கில் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? சுதந்திரமாக விலகவேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் ஆற்றலே அவரிடம் இல்லாதபோது அவரும் விலக முடியாது, வேறெவரும் அவரை விலக்கவும் முடியாது. திருத்தந்தையின் பணி முற்றிலும் தடைப்பட்டால் அதற்கென இயற்றப்பட்ட தனிச்சட்டங்களைப் பின்பற்றுக என்று 335ஆம் பிரிவு கூறுகிறது. அந்தத் தனிச்சட்டம் இன்றுவரை இயற்றப்படவே இல்லை. அப்பாவின் சேமிப்புப் புத்தகத்தைப் போல, ஒருவர் பெயரில் மட்டும் எல்லாம் இருக்கிறது.

பிரான்சிஸ் இதை அறியாதவர் அல்லர். உடல்நிலை காரணமாகத் தம்மால் பணியாற்ற இயலாமல் போனால் பயன்படும்படி ஒரு விலகல் கடிதத்தைத் தொடக்கத்திலேயே எழுதி, அப்போதைய வத்திக்கான் அரசுச் செயலர் கர்தினால் பெர்த்தோனேயிடம் கொடுத்து வைத்ததாக 2022 டிசம்பரில் அவரே கூறினார். ஆறாம் பவுலும் 1965இல் அப்படியொரு கடிதம் எழுதியிருந்தார். முன்யோசனையுள்ள செயல்கள்தான். ஆனால் ‘இயலாத நிலை வந்துவிட்டது’ என்று முடிவு செய்பவர் யார்? மருத்துவரா, கர்தினால்களா? திருத்தந்தைக்கு மேல் தீர்ப்பிட எவருமில்லை என்பதும் சட்டம்தான்.

24 மார்ச், திங்கள்

38 நாட்களுக்குப் பிறகு நேற்று வீடு திரும்பிவிட்டார். மருத்துவமனை மாடத்தில் அமர்ந்தவர், கூட்டத்தில் மஞ்சள் பூங்கொத்தோடு நின்ற ஒரு மூதாட்டியைக் கண்டு சொல்லிக் காட்டினார். தெளிவு அப்படியே இருக்கிறது. உபதேசியார் ஐயாவின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி, எனக்கும் அப்படித்தான்.

இந்த வாரங்களில் அவர் விலகுவாரா என்று ஆளாளுக்கு எழுதியதைப் பார்த்தபின், ஐயாவின் அச்சத்திலும் நியாயம் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன். விலகல் வழக்கமாகிவிட்டால், திருத்தந்தைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவரைப் பிடிக்காதவர்கள் போகச் சொல்வார்கள் என்பதுதான் அந்த அச்சம். ஆகவே ஆயர்களைப் போல வயது வரம்பு வைப்பதை நான் ஏற்கவில்லை. ஓய்வுபெற்ற திருத்தந்தை எந்தப் பெயரில், எந்த உடையில் வாழவேண்டும் என்பதும் சட்டத்தில் எழுதப்படவேண்டியது. பெனடிக்ட் வெள்ளுடையிலேயே வத்திக்கானுக்குள் வாழ்ந்ததால், 2022இல் அவர் இறக்கும்வரை அவரே உண்மையான திருத்தந்தை என்று சிலர் பிடிவாதமாகச் சொல்லிவந்தார்கள்.

21 ஏப்ரல், திங்கள்

நம் நேரப்படி இன்று பிற்பகல் 1.35க்குத் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். நேற்றுத்தான் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்தைத் தளர்ந்த குரலில் சொல்லிவிட்டு, செய்தியைப் பிறர் வாசிக்கக் கேட்டு, மக்களுக்கு நடுவே வண்டியில் வலம் வந்தார். ஐயா என் வீட்டு வாசலில் வந்து நின்று, “கடைசி நாள் வரைக்கும் கூடவே இருந்தாரும்மா” என்று அழுதார். நானும் அழுதேன். அவர் விரும்பியபடியே அவருக்கு அமைந்தது. என் அப்பாவுக்கு அப்படி அமையவில்லை.

9 மே, வெள்ளி

நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டதன் அடையாளமான வெண்புகை எழுந்தது. வாக்களித்த 133 கர்தினால்களில் நம் பினாங்கு ஆயர் கர்தினால் செபஸ்தியான் பிரான்சிசும் ஒருவர். அவருக்கு 73 வயது. அடுத்த ஆண்டு 75 நிறையும்போது அவரும் கடிதம் எழுதியாகவேண்டும். புதிய திருத்தந்தை பதினான்காம் லியோவுக்கு 69. திருஅவைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காலையில் ஐயாவிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். புதிய திருத்தந்தை விலகவேண்டாம், உடல் நலத்தோடு இருக்கும் இந்த முதல் ஆண்டுகளிலேயே 335ஆம் பிரிவு கேட்கும் தனிச்சட்டத்தை எழுதிவிடட்டும். தெளிவிழந்த திருத்தந்தையின் நிலையை யார் உறுதி செய்வது, எத்தனை காலம் காத்திருப்பது, யாரிடம் அறிவிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஐயா நெடுநேரம் யோசித்தார். விலகலைப் பற்றித் தம் கருத்து மாறவில்லை என்றார். பிறகு, அந்தச் சட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார்.