மரகதம் என்கிற மரகதவல்லி

"இதுல மரகதம்னு இருக்கே, அது யாரு?" என்று கேட்டார் சார்நிலைக் கருவூலத்தில் இருந்தவர்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "நான்தான்" என்றாள்.

"ஆதார்ல மரகதவல்லின்னு இருக்கேம்மா."

"அதுவும் நான்தான்."

குடும்ப ஓய்வூதியத்துக்கு நாங்கள் அலைந்தது நான்கு மாதம். அதில் மூன்று மாதத்தைத் தின்றது இந்த 'வல்லி'.

அப்பா 2025 பிப்ரவரியில் போனார். வயது 78. 1970-ல் வேதாரண்யம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக 2005 மே 31-ல் ஓய்வு பெற்றார். அப்போது ஓய்வு வயதாக இருந்த 58 முந்தைய ஜூனிலேயே முடிந்துவிட்டது. கல்வியாண்டின் நடுவில் வாத்தியாரை அனுப்ப மாட்டார்கள் என்பதால் மே வரை நீட்டிப்பு. எண்பதைத் தொட்டுவிட்டால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். "எண்பது வரைக்கும் இழுத்துப் பிடிச்சுட்டா உங்கம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினாறு மாதம் குறைந்துவிட்டது.

இந்த வேலையெல்லாம் சுலபமாக முடியும் என்றுதான் நினைத்தேன். காரணம் அப்பாவின் ஃபைல். எங்கள் தெருவில் ஓய்வூதியக்காரர் யார் இறந்தாலும், காரியம் முடிந்த மறுநாள் அந்த வீட்டிலிருந்து யாராவது ஒரு மஞ்சள் பையோடு எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "சார், கொஞ்சம் எழுதிக் குடுங்க." அப்பா படிவத்தைப் பூர்த்தி செய்வார், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். எத்தனை பேருக்கு எழுதியிருப்பார் என்று எங்களுக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்டவர் தன் காகிதங்களை எப்படி வைத்திருப்பார்! நாடா கட்டிய ஃபைல். மேல் அட்டையில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகம், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை, பணிப்பதிவேட்டின் நகல்.

முதல் படி இறப்புப் பதிவு. கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மூன்றாம் நாளே சொல்லிவிட்டோம். பதியும்போது பெயரும் தலைப்பெழுத்தும் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும்போது எழுத்துப் பிழை கண்ணில் படாது. எனக்குப் பட்டது. அப்பா வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைக்கூடச் சிவப்பு மையால் திருத்தி வைக்கிறவர். அவர் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சமாவது இருக்காதா?

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். ஈ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று ஏறித் தாசில்தாரிடம் போக ஐந்து வாரம் ஆனது. ஓய்வூதியப் புத்தகத்திலேயே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று அச்சடித்திருப்பதால், அதற்கு வாரிசுச் சான்று வேண்டியதில்லை, இறப்புச் சான்றே போதும் என்றார்கள். எங்களுக்கு நிலப் பட்டாவுக்கு அது தேவைப்பட்டது. எப்படியும் ஒன்று வாங்கி வைத்துவிடுவது நல்லது.

ஒரு தவறு செய்தோம். கருவூலத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்துவிட்டோம். அதற்குள் பிப்ரவரி ஓய்வூதியம் முழுதாகக் கணக்கில் ஏறிவிட்டது. இறந்த நாள் வரைதான் ஓய்வூதியம் சேரும், மிச்ச நாட்களுக்குரியது அரசுக்குத் திரும்ப வேண்டும். பின்னால் அம்மாவுக்கு வர வேண்டிய நிலுவையில் கழித்துக்கொண்டார்கள். ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள்.

அம்மாவைத் தனியாகப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. ஓய்வு பெறும்போது பி.பி.ஓ.வுக்காக இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது. அதில் அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருக்கிறார். அம்மா கேமராவைப் பார்க்காமல் அப்பாவின் தோளைப் பார்க்கிறாள். இப்போது அதே ஸ்டுடியோவில், அந்தப் பழைய முதலாளியின் பையன் கேமராவைச் சரிசெய்துவிட்டு, பொட்டைப் பார்த்துத் தயங்கினான். "அப்படியே எடு தம்பி. அவங்க வெச்சுக்கச் சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள் அம்மா.

சரி, பெயருக்கு வருகிறேன்.

பி.பி.ஓ.வில் மரகதம். குடும்பப் பாதுகாப்பு நிதிக்கான நியமனத்திலும் மரகதம். ஓய்வூதியர் இறந்தால் 50,000 ரூபாய் கிடைக்கும் அந்த நிதிக்கு அப்பாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் மரகதவல்லி. ஊரெல்லாம் சுற்றிப் பிழை திருத்தியவர் இதை எப்படி விட்டார்? அன்றிரவு ஃபைலைத் தரையில் பரப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

பணிப்பதிவேட்டின் நகல் அவர் கையெழுத்தில் இருந்தது. வேதாரண்யத்தில் சேர்ந்த தேதி. அங்கே உப்பளத்து வேலை நடக்கும் மாதங்களில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். விடியற்காலையில் பாத்திக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் இரண்டாம் முறை வருகைப்பதிவு எடுப்பாராம், அதிகாரி வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே. 1977 நவம்பர் புயலில் பள்ளி ஓடுகள் பறந்துபோனதை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1981 ஜூனில் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனது ஒரு வரி. 2003 ஜூலை அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் ஒரு வரி. அந்த வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 பேரை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பினார்களே, அதில் அப்பாவும் ஒருவர். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் அவர் ஃபைலில் வைத்துக்கொள்ளவில்லை.

குடும்ப விவரம் என்ற பக்கத்தில், மனைவி: மரகதம். பழைய ரேஷன் கார்டில், மரகதம். எங்கள் மூவரின் பள்ளிச் சேர்க்கைப் படிவ நகல்களில் தாயார் பெயர் மரகதம். அம்மா எட்டாவது வரை படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் மட்டும் மரகதவல்லி. அம்மாவே நேரில் போய்ச் சொல்லி எழுதிய காகிதங்களில் எல்லாம் மரகதவல்லி, அப்பா எழுதியவற்றில் எல்லாம் மரகதம்.

அம்மாவிடம் கேட்டேன்.

"அவங்க என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். எதுக்கோ கோவம். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் பேசல."

நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் செய்யச் சொன்னார் ஒருவர். அது இனிமேல் வைத்துக்கொள்ளும் பெயருக்கு ஆகும், 2005-ல் அச்சடித்த மரகதத்தை எப்படி மாற்றும்? ஆதாரை மாற்றிவிடுங்கள் என்றார் இன்னொருவர். ஆதாரை மாற்றினால் பான், பான் மாறினால் வங்கி. கடைசியில் எடுபட்டது இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்று. நோட்டரி முன்னால் உறுதிமொழி, பழைய ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், தெருவில் இரண்டு பேரின் வாக்குமூலம். அப்புறம் வி.ஏ.ஓ. அறிக்கை, தாசில்தார் கையெழுத்து. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாரம், பத்து நாள். சினிமாவாக இருந்தால் ஏதாவது ஒரு மேசையில் அப்பாவிடம் படித்தவர் எழுந்து நின்றிருப்பார். எங்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. வாக்குமூலம் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர், அப்பா முன்பு மஞ்சள் பையை வாங்கி எழுதிக்கொடுத்த வீட்டம்மா. "வாத்தியார் வீட்டம்மா பேரு மரகதம்தான். அவர் கூப்பிடுறது எங்க கொல்லை வரைக்கும் கேக்குமே" என்றார். வி.ஏ.ஓ. சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

நோட்டரியிடம் அம்மா இரண்டு பெயரிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மரகதவல்லி ஒரே இழுப்பில் விழுந்தது. மரகதம் என்று அவள் அதுவரை கையெழுத்துப் போட்டதே இல்லை. 'ம'வைப் போட்டுவிட்டு நிறுத்தினாள், பேனாவை மாற்றிப் பிடித்தாள், பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

ஜூன் கடைசியில் பணம் வந்தது. சீக்கிரமே இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஏழு ஆண்டு வரை தரும் உயர்த்திய விகிதம் எல்லாம் 78 வயதில் போனவருக்குக் கிடையாது. கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், அதன்மேல் அகவிலைப்படி. பிப்ரவரியிலிருந்து நிலுவையும் சேர்ந்து வந்தது. பாதுகாப்பு நிதி இன்னும் வரவில்லை, அதே சான்றை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வங்கியின் குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குத்தான் வந்தது. அம்மா தினமும் ராத்திரி அதற்குச் சார்ஜ் போடுகிறாள். எண்ணை மாற்றிக் கொடுக்க இன்னொரு படிவம் இருக்கிறது. இன்னும் வாங்கி வரவில்லை.