உப்பளம் வரை போன நாவலாசிரியர்

சொந்த ஊரையும் சொந்தச் சாதியையும் தாண்டாமல் வாழ்நாள் முழுக்க எழுதிய நல்ல நாவலாசிரியர்கள் தமிழில் உண்டு. ராஜம் கிருஷ்ணன் (1925–2014) அதற்கு நேர் எதிரானவர். முசிறியில் பிறந்து, மின்துறைப் பொறியாளரான கணவரோடு பணியிடம் பணியிடமாகக் குடிபெயர்ந்த அவர், நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அந்த மலைவாழ் படகர் இன மக்களோடு பழகி 'குறிஞ்சித்தேன்' எழுதினார். அதன் பிறகு தூத்துக்குடி உப்பளம், மீனவர் குப்பம், தஞ்சை வயற்கூலிகளின் சேரி, சம்பல் பள்ளத்தாக்கு என்று, தமக்குப் பழக்கமில்லாத இடங்களையே தேடிப் போனார்.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலைத் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு உறைப்பது அதன் கதைப்பின்னல் அன்று, வேலை நேரம்தான். உப்பு நீரில் நின்று நின்று வெடிக்கும் பாதம், வெள்ளை வெளேரென்ற பாத்தியின் மேல் பட்டுத் திரும்பும் வெயிலில் கூசிக்கூசிக் கெடும் கண், கணக்கப்பிள்ளையின் வாய்க்கு அஞ்சி அடக்கிக்கொள்ளும் தாகம் ஆகியவற்றை உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தால், 'இது தெரிந்ததுதானே' என்று பாதியை விட்டிருப்பார். ராஜம் கிருஷ்ணனுக்கு எதுவும் தெரிந்ததாக இல்லை. ஆகையால் எல்லாவற்றையும் கேட்டார்.

எங்கள் ஊரில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. பொழுது சாயும்போது அதே ஜீப்புகள் இறங்குகின்றன. நாங்கள் ஒதுங்கி வழி விடுகிறோம், அவ்வளவுதான். (ஜீப்பு கவிழ்ந்தால் மட்டும் செய்தி.) ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்ப்பது. எனவே காய் எடுப்பவர் குனிந்தோ குந்தியோதான் நாள் முழுக்க நகர வேண்டும். விளைந்ததை மட்டும் பறித்து, இளங்காயைச் சரத்திலேயே விட வேண்டும். மழைக்காலமானால் காலில் அட்டை வேறு. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ சரக்கு. போடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையில் விலை ஏறிய செய்தியைத் தேநீர்க் கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற எங்களில் எத்தனை பேருக்கு அந்தக் குனிவு கண்ணில் பட்டிருக்கும்?

ராஜம் கிருஷ்ணனிடம் எனக்குக் குறையும் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் தம் வாயால் பேசாமல் ஆசிரியரின் சீர்திருத்த வாயால் பேசிவிடுகிறார்கள். நியாயமான கோபம்தான் என்றாலும், நாவல் அங்கே மேடையேறிவிடுகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: இரக்கம் முந்திக்கொள்ளும். அவரைக் காப்பாற்றுவது தொழில் விவரம். கூலி, கடன், முன்பணம் என்று கணக்குப் பேசத் தொடங்கியதும் பிரசங்கம் தானே அடங்கி, ஆட்கள் உயிர் பெறுகிறார்கள்.

ஏலத்தோட்டத்து நாவலை எழுத வருபவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எனக்குச் சம்மதமே. மலையின் பசுமையையும் மூடுபனியையும் அவர் பிறகு எழுதிக்கொள்ளட்டும். ஜீப்பு வாடகை யார் கூலியில் பிடிக்கப்படுகிறது, ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு எவ்வளவு, மருந்தடித்த செடிக்கு எத்தனை நாள் கழித்துக் காய் எடுக்க அனுப்புகிறார்கள், கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்த நாளில் இந்தப் பக்கத்து வீட்டில் உலை எதைக் கொண்டு ஏறுகிறது என்பவற்றை முதலில் விசாரிக்கட்டும்.