பேலன்ஸ் ராடு தின்ற மூன்று வாரம்

மாடி அறைப் பட்டறையில் பாக்கெட் வாட்ச் ஒன்று செய்து முடித்தாயிற்று. ஓடுகிறது. பித்தளைத் தட்டு அறுத்தது, சக்கரங்களுக்குப் பல் வெட்டியது எல்லாம் சொன்னபடி கேட்டன. அச்சு முனைகளைத் தாங்கும் கற்களும் ஸ்பிரிங்குகளும் வாங்கியவை, அதில் வெட்கமில்லை. உயிரை வாங்கியது பேலன்ஸ் ராடுதான், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரம் பிடிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு.

நெல்மணியைவிடச் சின்னது. இரு முனைகளும் 0.12 மி.மீ. அதற்குச் சில்வர் ஸ்டீல் (கார்பன் அதிகமுள்ள, காய்ச்சி முக்கினால் இறுகும் எஃகு) கம்பி தேடி கோவை உக்கடம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "அதேதானுங்க தம்பி, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன்.

பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். பித்தளைத் தூள்மேல் வைத்து நீலம் வரும்வரை சூடாக்கி லேத்தில் மாட்டினால், வெண்ணெய் மாதிரிக் கடைந்தது. கை தேறிவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன் வேறு. இறுகிய எஃகு அப்படிக் கடையாது, சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும். கல்லில் இறக்கும்போதே முதல் ராடின் முனை வளைந்தது. கை நடுக்கம் என்று நினைத்து இரண்டாவது செய்தேன், அதுவும் வளைந்தது. மூன்றாவது ஆறு நாள் ஓடியது. பிறகு படுக்க வைத்தால் ஒரு நேரம், நிமிர்த்தினால் ஒரு நேரம்.

தெருமுனை லேத் அண்ணன் மிச்சக் கம்பியைச் சாணையில் ஒரு இழுப்பு இழுத்தார். "பொறி கோடு கோடா ஓடுது பாருங்க. கார்பன் இருந்தா மத்தாப்பூவாட்டம் பூத்துக் கொட்டோணும். இது வெறும் மைல்டு ஸ்டீலுங்க, கார்பன் கம்மி, முக்குனாலும் இறுகாது." அரை நிமிட வேலை!

நீலத்தை நம்பாதீர்கள். 300 டிகிரிப் பக்கம் போனால் மைல்டு ஸ்டீலும் அதே நீலம் பூசிக்கொள்ளும். எண்ணெயிலிருந்து எடுத்ததும் அரத்தால் உரசிப் பாருங்கள்: வழுக்கினால் மேலே போகலாம், கடித்தால் கம்பியைக் கடாசுங்கள். முக்கும்போது செங்குத்தாக இறக்குங்கள். படுக்கையாகப் போட்டால் கோணிக்கொள்ளும்.

வேறு கடையில், பில்லில் கிரேடு எழுதச் சொல்லி வாங்கினேன். இந்தத் தடவை நிமிடத்துக்கு ஒருமுறை உளி தீட்ட வேண்டியிருந்தது. ஒரு முனை போனது, வளையவில்லை, ஒடிந்தது! அதற்கே சந்தோஷப்பட்டேன். அடுத்த ராடு நின்றது.

ராத்திரி பதினொன்றரைக்கு, நொடிக்கு ஐந்து டிக். நாளுக்கு 40 வினாடி முந்துகிறது, மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். பழைய கம்பியைத் திருப்பித் தரப் போனால், "வெட்டின கம்பிய எப்படிங்க தம்பி வாங்கறது?" என்கிறார் அந்த உக்கடம் கடைக்காரர். மொட்டை மாடி மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.