தகடு இல்லாத பிளாக்

'அபூர்வ கிளாசிக் ஸ்போர்ட்ஸ் சலூன். 1955 எம்.ஜி. மேக்னெட். ஒரிஜினல் எஞ்சின், ஓடும் கண்டிசன். 22 லட்சம்.' விளம்பரம் இவ்வளவுதான். சென்னையில் இருக்கும் டாக்டர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "போய்ப் பாத்துட்டு உள்ளது உள்ளபடி எழுதிக் குடுங்க" என்றார்.

கோயமுத்தூர் கணபதியில் இருந்த எஞ்சின் பட்டறையை மூடிய பிறகு எனக்கு இதுதான் பிழைப்பு. பழைய கார் வாங்க நினைக்கிறவர்களுக்காக வண்டியை நேரில் பார்த்து, ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பேன். கூலியும் பெட்ரோல் காசும் கிடைக்கும். ரீபோர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, கருத்த கைக்குப் பேனா பிடிக்க ரொம்ப நாளாயிற்று.

எம்.ஜி. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் இந்த மேக்னெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1953 லண்டன் மோட்டார் ஷோவில் வந்த வண்டி. வரைந்தவர் ஜெரால்ட் பாமர். சலூன் என்றால் நாலு கதவுக் கார். தோல் சீட்டு, கதவு விளிம்பில் பாலிஷ் போட்ட மரம். வெளியே பார்த்தால் குடும்ப வண்டி. ஓட்ட உட்கார்ந்தால் அப்படித் தெரியாது. ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங், தரையில் கியர், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், மணிக்கு 80 மைல். ஸ்போர்ட்ஸ் சலூன் என்ற பேருக்கு அர்த்தம் அதுதான். நம் ஊரில் இதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

ஆனால் அதன் எஞ்சின் நமக்குப் புதிதில்லை. 1489 சிசி, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த 'பி சீரிஸ்' வகை. 1959-லிருந்து நம் அம்பாசடரில் ஓடியதும் அதே குடும்பம்தான். போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மில்லி, ரெண்டிலும் ஒன்றே. அக்கா தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இங்கிலாந்தில் எம்.ஜி. ஃபேக்டரி இருந்த அபிங்டனில் வாக்கப்பட்டாள், இன்னொருத்தி வங்காளத்தில் அம்பாசடர் செய்த உத்தர்பாராவில்.

வண்டி ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் மேலே எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது இந்த வீட்டுப் பெரியவருக்கு விற்றுவிட்டுப் போனாராம். விற்க முன்வந்தது பேரன், பெங்களூரில் வேலை. சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பக்கத்துக் கொட்டகையில் தார்ப்பாயை இழுத்தான். தூசியும் எலிப் புழுக்கை நாத்தமும் அடங்கிய பிறகு வண்டி தெரிந்தது. கரும்பச்சை. முகப்பில் எட்டு மூலை எம்.ஜி. பேட்ஜ்.

என் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும், துணி சுற்றி. அதைக் கதவின் அடிப்பக்கம் வைத்து மெதுவாக நகர்த்தினால் போதும், தகடு எங்கே, பட்டி எங்கே என்று அதுவே சொல்லிவிடும். பட்டி இருக்கும் இடத்தில் பிடி விட்டுச் சறுக்கும். இடது பக்க சில்லில், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில், ஒரு சாண் நீளத்துக்குச் சறுக்கியது. தனிச் சேசிஸ் இல்லாத, பாடியே தாங்கி நிற்கும் வண்டி இது. அதனால் சில் அரிப்பது சின்ன விஷயமில்லை. குறித்துக்கொண்டேன். பின் சீட்டைத் தூக்கினால் உள்ளே தேங்காய் நார். பொள்ளாச்சிக்காரர் வேலை வேறெப்படி இருக்கும்?

பேட்டரி செத்திருந்தது. தம்பி தன் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, ஜம்பர் கேபிளின் கறுப்பு முனையை பானெட்டுக்குள் பாடியில் மாட்டப் போனான். கையைப் பிடித்தேன். "தம்பி, இது பாசிட்டிவ் எர்த் வண்டி. பாடி பூராவும் பிளஸ்ஸு." அவன் புதுக் காரின் பழக்கத்தில் மாட்டியிருந்தால் கேபிள் அங்கேயே உருகியிருக்கும். கேபிளை நேராகப் பேட்டரி முனைகளிலேயே மாட்டி, ரெண்டு வண்டியும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொண்டு கிளப்பினோம். மூன்றாவது தடவையில் பிடித்தது. சத்தம் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இரட்டைக் கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை. பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பில், ரிவெட் அடித்த தகட்டு நம்பரும் ஆர்.சி. புக்கில் இருந்த நம்பரும் வேறு வேறு. ஆர்.சி.யில் எம்.ஜி.க்குரிய 'ஜி' எழுத்தோடு நம்பர் இருந்தது. தகட்டில் அது இல்லை. உள்ளே இருந்தது அம்பாசடர் எஞ்சின்.

"ஒரிஜினல்னு போட்டிருக்கீங்களே தம்பி?"

"அப்படித்தானுங்ணா அப்பாரு சொல்லிட்டிருந்தாரு," என்றான், தாத்தாவைச் சொல்லி.

திண்ணையில் உட்கார்ந்து கொப்பரை தோண்டிக்கொண்டிருந்த அப்பத்தா தலையைத் தூக்காமலே சொன்னார். "அதென்றா ஒரிஜினலு? கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி எஞ்சின மாத்துனாரல்லோ உங்கப்பாரு. என்ற வளையல வெச்சுத்தான் பணங்குடுத்தது. சின்னவனுக்குக் காது குத்துனதுக்கு முந்துன வருசம்."

தம்பி முகம் சுருங்கிப்போனது. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்த மாதிரி வேலையை நானே எத்தனையோ செய்திருக்கிறேன். எண்பதுகளில் வெளிநாட்டு வண்டிக்கு ஒரு கேஸ்கட் கிடைக்காது. அம்பாசடருக்கோ பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கோயமுத்தூரில் எந்த லேத்துக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு ரீபோர் போடுவார். வண்டியை ஓட வைத்துக் கொடுத்தால் அதுதான் நல்ல வேலை. 1988-ல் இன்னொரு மேக்னெட்டிலிருந்து கழற்றிய இரட்டை எஸ்.யூ. செட்டை உக்கடத்தில் எடைக்குப் போட்டவன் நான். அலுமினிய விலைதான் கிடைத்தது.

அந்தக் கார்புரேட்டரை வைத்திருந்தவர்களும் சும்மா வைத்திருக்கவில்லை. ரெண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலாவதின் வாயருகே பிடித்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். பிறகு இரண்டாவதில். ரெண்டு 'ஸ்ஸ்'ஸும் ஒரே சுதியில் வரும்வரை திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். ரோட்டில் பஸ் போனால் திரும்ப முதலிலிருந்து. இதற்குப் பொறுமையில்லாமல்தான் பாதிப் பேர் கழற்றிப் போட்டார்கள். நான் உட்பட.

"பழைய எஞ்சின் என்னாச்சுங் ஆத்தா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"களத்துல கெடக்குதுங் தம்பி. தார்ப்பாய் பறக்காம இருக்கறதுக்கு வெச்சிருக்குது."

போய்ப் பார்த்தேன். கொப்பரை மூடிய தார்ப்பாயின் தெற்கு மூலையில், நார்த்தூள் படிந்து, மண்ணில் நாலு விரல் புதைந்து, ஒரு பி சீரிஸ் பிளாக். மண்டியிட்டுத் துடைத்தேன். வெர்னியர் அளவுகோலை வைத்தால் போர் 73.5 மில்லி. ஒரு தடவை அரை மில்லி ரீபோர் ஆகியிருக்கிறது. ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவே தலைமயிர் போல ஒரு விரிசல். மாற்றியதற்குக் காரணம் அதுதான். நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு ரிவெட் ஓட்டை மட்டும். தகடு எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

தம்பி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்ணா, அந்த நம்பர ஒரு தகட்டுல அடிச்சு வெச்சுட்டா…" என்று இழுத்தான். கணபதியில் பத்து நிமிச வேலை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வித்தியாசம் லட்சக் கணக்கில். 2021-ல் வந்த விதிப்படி 50 வருசம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் வண்டி என்று 'வி.ஏ.' நம்பர் வாங்கலாம். ஆனால் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பிளாக்கைத் தைத்து, தகடு அடித்து, வண்டியில் ஏற்றிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"நான் தகடப் பாக்கலீங் தம்பி. ஓட்டையத்தான் பாத்தேன்," என்றேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. மோர் வந்தது, குடித்தோம்.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன். 'தற்போது உள்ளது அம்பாசடர் எஞ்சின், நல்ல நிலை. ஆர்.சி.யில் மாற்றம் பதியப்படவில்லை. தோட்டத்தில் அதே வகைப் பழைய பிளாக் ஒன்று உள்ளது, விரிசலுடன். இந்த வண்டியுடையது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். நம்பர் தகடு இல்லாததால் உறுதிசெய்ய இயலவில்லை. இடது சில் பட்டி வேலை.'

டாக்டர் போனில், "அம்பாசடர் எஞ்சினா!" என்றார், சாம்பாரில் பல்லி விழுந்த மாதிரி. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அந்த எஞ்சின் ஏறியிருக்காவிட்டால் இந்த வண்டி அன்றைக்கே உக்கடத்தில் துண்டு துண்டாகப் போயிருக்கும், நீங்கள் விலை கேட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று சொன்னேன். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர் கொஞ்சம் அமைதியாக இருந்துவிட்டு, விரிசலைத் தைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

பதினாலரை லட்சத்துக்கு முடிந்தது, பிளாக்கும் சேர்த்து. தம்பிக்கு என் மேல் வருத்தம்தான். சாவியை என் கையில் தராமல், வண்டியை ஏற்றிப்போக வந்த டிரைவரிடம் தந்தான்.

வண்டியை ஏற்றிய பிறகு, நானும் டிரைவரும் பிளாக்கைக் கிளப்பினோம். அது கிடந்த பள்ளத்திலிருந்து ஒரு ஓணான் ஓடியது. மூலை விடுபட்ட தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. அப்பத்தா எழுந்தே வந்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போறது செரிங் தம்பி. அந்த எடத்துக்கு ஒரு கல்லக் கொண்டாந்து வெச்சுட்டுப் போங்."

வாய்க்கால் மேட்டிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தோம். அவர் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது பத்தாதுங்," என்றார்.