மாடித் தையல்கடைக்குக் கூகுள் வழியாக ஆள் வந்த கதை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவருக்கு விளம்பரம் பெரிதாகத் தேவைப்படாது. சேலை வாங்கிய கையோடு நடந்து வருகிறவர்கள் கண்ணாடிக்குள் தொங்கும் ரவிக்கையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். எங்கள் கடை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. வாடகை குறைவு, படிக்கட்டு செங்குத்து, கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அக்கா தைக்கிறாள். கணக்கு, வாட்ஸ்அப், இணையத்தளம் மூன்றும் என் தலையில்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்களுக்குப் புது ஆள் வேண்டாம், வருகிற வேலையையே திருப்பி அனுப்புகிறோம். மார்கழியிலும் ஆடியிலும்தான் மெஷின் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் யார் ரவிக்கை தேடுகிறார்கள், அவர்களை எப்படிப் படியேற வைப்பது என்பதுதான் எனக்கிருந்த கேள்வி. கூகுள் போன்ற தேடுபொறிகளில் கடையைத் தெரிய வைக்கும் வேலையில் நான் இறங்கியது இதற்காகத்தான்.

இணையத்தளம் ஏற்கெனவே இருந்தது. டாட் காம் டாட் எஸ்ஜி முகவரி. வணிகப் பதிவு ஆணையமான அக்ராவில் பதிந்த வணிகத்துக்குத்தான் அது கிடைக்கும், முகவரியைப் பதிந்த 21 நாளுக்குள் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் அடையாளத்தை உறுதிப்படுத்தவும் வேண்டும். அதெல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. ஆனால் தளம் வந்து பல மாதங்கள் ஆகியும் கடைப் பெயரை அப்படியே எழுதித் தேடினால்கூட எங்கள் ஃபேஸ்புக் பக்கம்தான் வந்தது. தளத்தைக் காணோம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை ஒட்டித் தேட வேண்டும். கூகுள் அறிந்த பக்கங்கள் வரிசையாக வரும். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. பிறகு கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து முகப்புப் பக்கத்தைச் சோதித்தேன். ‘நோஇண்டெக்ஸ்’ குறி இருப்பதால் இந்தப் பக்கம் சேர்க்கப்படவில்லை என்று வந்தது. எங்கள் தளத்தைக் கட்டப் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ‘தேடுபொறிகளே, இந்தத் தளத்தைச் சேர்க்காதீர்கள்’ என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது பாதி வேலை வெளியே தெரியாமலிருக்க அதில் டிக் போடுவார்கள். கட்டிக்கொடுத்தவர் வேலை முடிந்ததும் அதை எடுக்காமல் போய்விட்டார். அவரைக் கேட்டபோது “அப்படியா அக்கா?” என்றார், அவ்வளவுதான். டிக்கை எடுத்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பைச் சர்ச் கன்சோலில் கொடுத்து, முக்கியமான பக்கங்களைச் சேர்க்கச் சொல்லித் தனித்தனியாகக் கோரிக்கை வைத்தேன். சில நாளில் முகப்பு வந்தது, மற்றவை மெல்ல மெல்ல வந்தன.

ஆனால் முதலில் எங்களுக்கு ஆள் கொண்டுவந்தது தளமில்லை, கூகுள் வரைபடம். “பிளவுஸ் டெய்லர்” என்று சிங்கப்பூரில் தேடினால் முதலில் வருவது வரைபடமும் அதன் கீழே மூன்று கடைகளும். அந்த மூன்றில் ஒன்றாக வர மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்குக் கடை எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டில் வேலை இருக்கிறது.

வரைபடத்தில் கடையைச் சேர்த்ததும், அது உண்மையான கடைதான் என்று உறுதிப்படுத்தக் கூகுளில் காணொளி கேட்டார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்திருக்க வேண்டும். கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன தொழில் நடக்கிறது, அதை நடத்துவது நாம்தான் என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். காலையில் கூட்டம் வருமுன் தெருப் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கினேன். பக்கத்துக் கடை, எங்கள் கதவெண், படிக்கட்டு, மேலே பெயர்ப் பலகை. ஒரு கையில் கைத்தொலைபேசி, மறுகையில் சாவி. பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, ஓவர்லாக் மெஷின், ஆரிச் சட்டம், கட்டுக்கட்டாக லைனிங் துணி எல்லாவற்றையும் காட்டி, கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினேன். மூச்சிரைப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள்.

வகை தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ‘டெய்லர்’ என்று முதன்மை வகை போட்டால் கோட்டு சூட்டு தைக்கும் ஆண்கள் கடைகளோடு போட்டி. அதனால் ‘டிரெஸ்மேக்கர்’ முதன்மை, ‘டெய்லர்’ துணை, துணி ஆல்டரேஷன் இன்னொரு துணை. கடைப் பெயரோடு ‘பெஸ்ட் பிளவுஸ் டெய்லர் லிட்டில் இந்தியா’ என்று வால் சேர்க்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. பலகையில் இருக்கும் பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி, யாராவது புகார் செய்தால் திருத்திவிடுவார்கள். நாங்கள் பலகைப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம். வரைபடத்தில் ஊசி பின்பக்கச் சந்தில் குத்தியிருந்தது, ஆட்கள் சந்தில் நின்றுகொண்டு “எங்கே இருக்கீங்க?” என்று கேட்பார்கள். இங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடே கட்டடத்தைக் காட்டிவிடும், ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. ஊசியை வாசலுக்கு நகர்த்தி, படிக்கட்டு தொடங்கும் இடத்தைப் படமெடுத்துப் போட்டதும் அந்தத் தொல்லை போனது.

விமர்சனங்கள் தானாக வராது, கேட்கத்தான் வேண்டும். தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்வது கூகுள் விதிக்கு எதிரானது, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் கேட்க நல்ல நேரம். கண்ணாடி ஓரத்திலேயே கியூஆர் குறியீட்டை ஒட்டினேன். “ரெண்டு வரி போதும்மா, என்ன தச்சோம்னு எழுதுங்க” என்பது என் வேண்டுகோள். நட்சத்திரத்தைவிட அந்த “என்ன தச்சோம்” எனக்கு முக்கியம். அடுத்து வருகிறவர் படிப்பது அதைத்தான்.

சரி, தளத்துக்கு வருவோம். என்ன எழுதுவது? ‘தரமான சேவை, நியாயமான விலை, பல ஆண்டு அனுபவம்’ என்று ஏற்கெனவே இருந்தது. முகப்பின் தலைப்பு ‘ஹோம்’ என்றே இருந்தது, பாவம். இப்படிப்பட்ட சொற்களை யாரும் தேடுவதில்லை. மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், தினமும் வாட்ஸ்அப்பில் அதற்குத்தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்! பழைய உரையாடல்களை மேலே தள்ளிப் படித்துக்கொண்டே ஒரு நோட்டில் எழுதினேன். அளவு ரவிக்கை இல்லாமல் தைக்க முடியுமா? லைனிங் சேர்த்து எவ்வளவு? ஆரி வேலைக்கு எத்தனை நாள்? ரெடிமேட் ரவிக்கை பத்தவில்லை, பிரித்து விடுவீர்களா? துணி தண்ணீரில் போட்டுத்தான் தர வேண்டுமா? ஒவ்வொன்றும் நாங்கள் ஏற்கெனவே பதில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கேள்வி. அவற்றைத்தான் பக்கங்களாக்கினேன்.

விலைப் பக்கத்துக்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எதிர்க்கடைக்காரன் பாத்துட்டு ரெண்டு வெள்ளி கொறச்சுப் போடுவான்” என்றாள். அவன் ஆள் அனுப்பி எப்போதோ கேட்டிருப்பான் என்றேன். கடைசியில் சாதா, லைனிங், பிரின்சஸ் கட், ஆரி என்று பிரித்து, இங்கிருந்து இதுவரை என்று போட்டோம். விலை மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகும் செய்திகள் குறைந்தன. படியேறி வருகிறவர்கள் விலைக்கு ஏற்கெனவே சம்மதித்தவர்களாக இருந்தார்கள்.

ஆச்சரியம் ரெடிமேட் ரவிக்கைப் பக்கம். அதில் எழுதியது இவ்வளவுதான்: ரவிக்கையை உள்பக்கம் திருப்புங்கள், அக்குளுக்குக் கீழே பக்கத் தையலைப் பாருங்கள், அதற்கு உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், எவ்வளவு தளர்த்தலாம் என்று சொல்கிறோம். துணி விட்டிருக்காவிட்டால் பக்கத்தில் பட்டி வைத்துத்தான் பெரிதாக்க வேண்டும், அதற்கு இன்ன செலவு. அக்கா திருப்பிப் பிடித்திருக்கும் ஒரு பச்சை ரவிக்கையின் படமும் உண்டு, அவள் கட்டைவிரல் தையலைக் காட்டும். தளத்தில் அதிகம் பேர் வந்து இறங்குவது இந்தப் பக்கத்தில்தான். வருகிறவர்களில் சீனப் பெண்களும் உண்டு, இந்தியத் தோழியின் கல்யாணத்துக்குச் சேலை கட்ட வேண்டும், இணையத்தில் வாங்கிய ரவிக்கை தோளில் நிற்கவில்லை என்று. அவர்களுக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது.

தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், சர்ச் கன்சோல் அறிக்கையில் அது பளிச்சென்று தெரிகிறது. இருந்தாலும் போட்டோம். வருவோர் குறைவு, ஆனால் வந்தால் நேராகத் தொலைபேசியில் அழைத்துவிடுகிறார்கள்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியில் எடுத்த ஆரி வேலைப் படங்களை அப்படியே ஏற்றியிருந்ததால் பக்கம் திறக்க நேரமெடுத்தது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கி, கோப்பளவு குறையும் வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அது என்ன என்று மாற்றுரை எழுதினேன். சலிப்பான வேலைதான், ஆனால் படத் தேடலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது அதன் பிறகே.

தளம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. ‘முதல் பக்கத்தில் முதல் இடம், உத்தரவாதம்’ என்று அழைப்புகள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டத்தைப் பொறுமையாகப் படித்தேன். பாதி, சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து காசுக்கு இணைப்பு வாங்குவது, அது கூகுள் விதிப்படி மோசடி. மீதியில், பக்கத்தின் உள்ளே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் ‘மெட்டா கீவேர்டு’ சொற்களை நிரப்புவதற்குத் தனிக் கட்டணம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. ‘உங்கள் தளத்தின் தேடுபொறிப் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் கட்டவும்’ என்று மின்னஞ்சல்கூட வந்தது. அப்படி ஒரு பதிவே கிடையாது. தேடுபொறியில் தளம் வருவதற்குக் காசு இல்லை.

காசு கொடுக்க வேண்டியது விளம்பரத்துக்குத்தான். அதையும் பார்த்தேன், சொற்பத் தொகையில். யாராவது சொடுக்கினால்தான் காசு என்றாலும், யார் சொடுக்குகிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்காவிட்டால் போச்சு. தேடிய சொற்களின் அறிக்கையைத் திறந்தால் தையல் வகுப்பு, தையல் வேலை வாய்ப்பு, திரைச்சீலை, அலுவலகச் சட்டை! இவற்றைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் போகாதபடி எல்லாவற்றையும் விலக்குச் சொற்களாகச் சேர்த்தேன். இடம் என்ற பகுதியில் இன்னொரு பொறி. சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்தாலும், சிங்கப்பூரில் ‘ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும்’ விளம்பரம் போகும்படிதான் முன்கூட்டியே அமைந்திருக்கும். எங்கோ இந்தியாவில் உட்கார்ந்து தேடுபவர் சொடுக்கினாலும் எங்கள் கணக்கில்தான் கழியும். இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினேன். கட்டணத்துக்கு மேல் 9% பொருள் சேவை வரி வேறு. ஆண்டு வரவு ஒரு மில்லியன் வெள்ளியைத் தொடாத எங்களைப் போன்ற, வரிக்குப் பதியாத கடைகளுக்கு அது திரும்ப வராது. இப்போது ஆண்டு முழுக்க விளம்பரம் ஓட்டுவதில்லை, வேலை இல்லாத மாதங்களில் மட்டும். தீபாவளி சமயத்தில் கண்டிப்பாக நிறுத்திவிடுவேன், அப்போது விளம்பர இடத்துக்கு எல்லாரும் ஏலம் கேட்பதால் சொடுக்குக் கட்டணமும் ஏறிவிடுகிறது, நமக்கோ தைக்க ஆளில்லை.

மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கை மறக்காதீர்கள். சர்ச் கன்சோலிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே இறக்கிக்கொள்ள அதில் வசதி இருக்கிறது, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அலுவலகக் கணினியில் தேடுகிறவர்கள் சிலர் அந்த வழியாக வருகிறார்கள்.

பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்று கூகுள் சொல்வது சரிதான், பொறுமை வேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும், போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோதுதான் ஜூலையில் ஒரு மேடு தெரிந்தது. ஆடி பிறக்கும் நேரம், ஆனால் ‘பிள்ளைகளுக்குச் சேலை’, ‘பாவாடை சட்டை’, ‘அவசர ஆல்டரேஷன்’ என்று தேடல்கள். ஜூலை 21, இன நல்லிணக்க நாள். பள்ளிகளில் பாரம்பரிய உடை உடுத்தும் நாள், ஆசிரியர்களும் சேலைக்கு மாறுவார்கள். அதற்கென்று ஒரு பக்கம் போட்டிருக்கிறேன்: பிள்ளைகள் அளவு, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு. ஜூன் பள்ளி விடுமுறை தொடங்கும்போதே அதன் தேதிகளைப் புதுப்பித்துவிட வேண்டும், ஜூலையில் மாற்றினால் கூகுள் பார்ப்பதற்குள் நாள் போய்விடும்.