தனியாகப் பயணம் செய்பவர் தங்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

அறிமுகமில்லாத நகரத்துக்குத் தனியாகப் புறப்படும்போது, அறை வாடகையைப் பார்ப்பதற்கு முன் அந்த அறை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்பதே என் வழக்கம். நகர மையத்திலிருந்து மெட்ரோவில் சில நிலையங்கள் தள்ளி, குடும்பங்கள் வசிக்கும் தெருக்களில் பெரும்பாலும் குறைந்த வாடகைக்கே நல்ல அறைகள் கிடைக்கின்றன. ஆனால் கடைசி ரயிலின் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கே போய்விடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது, நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை நடந்து செல்லும் வழியை ஆராய்வதில்தான். தெருக்களின் படங்களைக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அவ்வழியை முழுவதுமாகப் பார்த்து, தெருவிளக்குகள் உள்ளனவா, இரவிலும் திறந்திருக்கக்கூடிய மருந்துக்கடையோ உணவகமோ உண்டா, சுரங்கப்பாதை எதையும் கடக்க வேண்டுமா என்று கவனிக்கிறேன். அப்படங்கள் பகலில் எடுக்கப்பட்டவை, சில வேளைகளில் பல ஆண்டுகள் பழையவை என்பதால், எடுக்கப்பட்ட தேதியையும் பார்ப்பது அவசியம். மதிப்புரைகளில், தனியாகத் தங்கிய பெண்கள் அண்மையில் எழுதியவற்றையே பெரிதும் நம்புகிறேன்.

முதலில் ஓரிரு இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்து, பகலிலேயே போய்ச் சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்கிறேன். பகுதி மனத்துக்கு ஒத்துவந்தால் அங்கேயே தங்குவதை நீட்டித்துக்கொள்ளலாம்.