பட்டுக்கூடு, பரிசல், ஒரு செம்புத் தண்ணீர்

சேலத்தில் விடிகாலைப் பேருந்து ஏறி, தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்கும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தருமபுரியில் இறங்கும்போது மணி எட்டு. எதிர்ப்பக்க இறக்கத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சமா!

ஒகேனக்கல் போகிறவர்களுக்குத் தருமபுரி என்றால் பேருந்து மாறும் ஊர், அவ்வளவுதான். நானும் பல வருடம் அப்படித்தான் கடந்துபோயிருக்கிறேன். இந்த முறை முதலில் அரசு பட்டுக்கூடு அங்காடிக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஈரமான ஒரு புழு வாசனை. வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடுகள் குவிந்து கிடந்தன. நூற்பாளர் ஒருவர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். "என்னங்கண்ணா கேக்கறீங்க?" என்றேன். "உள்ள புழு கடகடன்னு ஆடணும்மா. சத்தம் வரலைன்னா செத்து ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நூல் கறையாயிடும்" என்றார். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். நிலக்கடலை போல லேசாக இருந்தது. ஆட்டினேன், கேட்டது.

கூடு காத்திருக்காது. கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சி அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்தால் இழை அறுந்துபோகும். அதனால்தான் விவசாயி ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிக் கிளம்புகிறார். மழையில் கிராமத்துத் தார்ச்சாலை அரித்துப்போனால் ஒரு மாத உழைப்பு வழியிலேயே நின்றுவிடும். நல்ல சாலை வேண்டும் என்று நாம் பேசும்போது காரில் வருகிறவர்களைத்தான் நினைக்கிறோம். இந்த மூட்டைகளைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். பென்னாகரம் தாண்டியதும் காடு, வளைவுகள், சாலையோரம் குரங்குகள். அருவியில் நல்ல தண்ணீர். ஆனால் காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியிருந்ததால் பரிசல் ஓடவில்லை. கவிழ்த்து வைத்த பரிசல்களின் நிழலில் ஓட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பெருகினால் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கும் மீன் வறுக்கும் அக்காக்களுக்கும் வரும்படி குறைந்துபோகிறது. பயணிகளுக்கு அது ஒருநாள் ஏமாற்றம், அவர்களுக்கு ஒருநாள் கூலி. முதல்நாளே நீர்வரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். போனபின் பரிசல் நின்றிருந்தாலும் ஒரு தட்டு மீனாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: திருவிழா, விடுமுறை நாட்களில் கழிப்பறை வரிசை நீளம். இத்தனை ஆயிரம் பேர் வரும் இடத்தில் இன்னும் நாலு கழிப்பறை கட்டுவதை வசதி என்று சொல்லக் கூடாது, அது அடிப்படை.

திரும்பும் வழியில் பென்னாகரம் பக்கம் பெரியம்மா வீடு. இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம். பெரியம்மாவின் பற்களில் சின்ன வயதிலேயே காவி ஏறிவிட்டது. புகைப்படம் எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். மூட்டு வலி வேறு. இதற்காகத்தான் காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லில் எடுத்து, சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தப் பயணத்தில் காலையில் நான் டீ குடித்த கடையும், தங்கும் விடுதிகளும் அதே ஆற்றை நம்பித்தான் நடக்கின்றன. நாம் வேடிக்கை பார்க்கப் போகும் தண்ணீர்தான் ஊருக்குள் குழம்பிலும் கொதிக்கிறது.

பெரியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "ஆத்துத் தண்ணிதான், குடி சாமி" என்றார். திண்ணையில் அவருடைய பேத்தி, ஏழு வயது, விழுந்த முன்பல்லுக்குப் பக்கத்தில் புதுப்பல் முளைப்பதை வாயைத் திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.